கார்புரேட்டர் மேல் பழி போடுமுன்

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்து தீர ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். எடைக் கணக்கில் சொன்னால் 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று. காற்று குறைந்தால் கரும்புகை வரும். கூடினால் இன்ஜின் இருமும், இழுவை போய்விடும். இன்றைய கார்களில் இந்தக் கணக்கைக் கணினி நொடிக்குப் பல தடவை போட்டுச் சரிபார்க்கிறது. மோரிஸ் மைனரிலும் டாட்சன் 120ஒய்யிலும் 1985 ஜூலையில் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும் அந்தக் கணக்கைப் போட்டது கார்புரேட்டர். யோசிக்கும் மூளை எதுவும் அதற்குள் இல்லை. காற்றழுத்த வேறுபாடும் சில துளைகளும்தான் அதன் முதல்.

ஜொகூரில் அப்படிப்பட்ட கார்கள் இன்னும் ஓடுகின்றன. 'ஜே' என்று தொடங்கும் பழைய எண் தகட்டோடு கூலாய், குளுவாங், மூவார், செகாமட் பக்கம் போனால் வீட்டு முகப்பில் ஒன்றாவது கண்ணில் படும். தோட்டத்துக் கிராணியிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று கைமாறி வந்தவை சில. ஆசைப்பட்டு வாங்கியவை சில. கார் பொருத்தும் ஆலை தம்போயிலேயே பல பத்தாண்டுகள் இயங்கிய மாநிலம் இது. ஆகவே பழைய கார் இங்கே அதிசயப் பொருள் இல்லை. ஆனால் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது என்று காரைக் கொண்டு போனால், பட்டறையில் முதல் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "கார்புரேட்டர் போச்சு அண்ணே, வேற போட்டுடலாம்."

அந்தத் தீர்ப்போடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஜொகூரில் கார்புரேட்டர்கள் ஓடித் தேய்வதைவிட ஓடாமல் நின்று கெடுவதுதான் அதிகம். சூடு, ஈரம், நின்றுபோன பெட்ரோல், எங்கோ ஒரு மூலையில் ஒழுகும் காற்று, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். இவற்றில் பலவற்றைக் கார்புரேட்டரைக் கழற்றாமலேயே பிடித்துவிடலாம்.

அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் இது விளங்கும். குழாயில் ஓடும் காற்று, குழாய் குறுகும் இடத்தில் வேகம் எடுக்கும். வேகம் எடுக்கும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும். டேனியல் பெர்னூலி 1738இல் எழுதிய விதி இது. குறுகிய கழுத்தில் என்ன நடக்கிறது என்பதை இத்தாலியரான வெந்துரி 1797இல் விளக்கினார். அந்தக் கழுத்தில் ஜெட் எனப்படும் ஒரு சிறு துளையை வைத்து, துளைக்குப் பின்னால் பெட்ரோலை நிறுத்தினால், குறைந்த அழுத்தம் பெட்ரோலை உறிஞ்சி எடுத்துக் காற்றோடு கலக்கும். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக்கும், ஹங்கேரியில் பாங்கி, சோங்கா இருவரும் 1893 வாக்கில் இந்த வகைக் கார்புரேட்டரைத் தனித்தனியே உருவாக்கினார்கள். அதற்கு முன்பு பெட்ரோல் பரப்பின் மேல் காற்றை ஓட்டி ஆவியை அள்ளிக்கொண்டு போகும் முறைதான் இருந்தது. கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, 1888 ஆகஸ்டில் கணவருக்குச் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனபோது, வழியில் அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தன் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார் என்பார்கள். அவர் குத்தியது குழாயை. ஜெட்டில் ஊசி விடுவது வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மோரிஸ் மைனரில் இருப்பது எஸ்.யூ. கார்புரேட்டர். இங்கிலாந்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் செய்தது. குடும்பத் தொழில் காலணி வியாபாரம். முதல் எஸ்.யூ. கார்புரேட்டர்களில் காற்றுக்கேற்ப விரிந்து சுருங்கும் துருத்தி தோலால் ஆனது என்றால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பிறகு தோல் போய் உலோக பிஸ்டன் வந்தது. 1926இல் வில்லியம் மோரிஸ் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டார்.

மற்ற கார்புரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் கழுத்தின் அளவு மாறாது. எஸ்.யூ.வில் கழுத்தே மாறும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உள்ளே காற்று கூடும். பிஸ்டனுக்கு மேலே உள்ள அறையில் அழுத்தம் குறையும். பிஸ்டன் தானாக மேலே எழும்பி வழியை அகலமாக்கும். தன் எடையும் மேலிருக்கும் ஸ்பிரிங்கும் அந்த உறிஞ்சலோடு சமன்படும் இடத்தில் நிற்கும். ஆகவே கழுத்தில் உறிஞ்சல் எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 20 செ.மீ. நீரழுத்தம். பிஸ்டனின் அடியில் ஒரு பித்தளை ஊசி தொங்குகிறது. நுனி போகப்போக மெலிந்தது. பிஸ்டன் ஏறும்போது ஊசியும் ஜெட்டிலிருந்து வெளியே வரும், இடைவெளி கூடும், பெட்ரோலும் கூடும். இவ்வளவுதான். இந்தச் சாதனத்தை வடிவமைத்த மூளைக்கு நான் எப்போதும் ஒரு கும்பிடு போடுவேன்.

எளிமைக்கு விலை துல்லியம். மைனரின் ஜெட் துளை 2.3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஊசிக்கும் துளைக்கும் நடுவே உள்ள வளைய இடைவெளி வழியாகத்தான் பெட்ரோல் வரவேண்டும். ஐட்லிங் நிலையில் ஊசி ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு தேய்ந்தாலே, கணக்குப் பார்த்தால், அந்த இடைவெளி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகிவிடும். அதனால்தான் ஊசிகளுக்கு எழுத்துக் குறி உண்டு; நீளவாக்கில் எட்டில் ஓர் அங்குலத்துக்கு ஒருமுறை விட்டம் குறிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. பழைய சாமான் கடையில் கிடைத்த ஏதோ ஓர் ஊசியைச் செருகிவிட்டு டியூனிங் வரவில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்துப் புத்தகத்தில் போட்டிருக்கும் செட்டிங் ஜொகூர்க் காற்றுக்கு எழுதியது அல்ல. அங்கே 10 டிகிரிக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று 1.24 கிலோ இருக்கும். இங்கே 32 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம் என்றால் 1.14 கிலோதான், அதிலும் ஒரு பகுதி எரிவதற்கு உதவாத நீராவி. கழுத்தின் வழியே போகும் காற்றின் எடை அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், குளிர்நாட்டில் சரியாக வைத்த கார்புரேட்டர் இங்கே ஏறத்தாழ 5 சதவீதம் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். பெரிய கெடுதல் இல்லை. ஆனால் பிளக்கில் கரி ஏறும், பெட்ரோல் செலவு கூடும். தமிழ்நாட்டில் பழைய ஃபியட்டும் அம்பாசிடரும் வைத்திருப்பவர்களின் கணக்கில் இன்னொன்றும் சேரும். இந்தியப் பெட்ரோல் பங்குகளில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அந்தக் கலவைக்கு 14.7க்குப் பதில் 13.5 பங்கு காற்றே போதும். கார்புரேட்டர் பழைய அளவிலேயே கொடுத்தால் பெட்ரோல் போதாமல் போகும். மலேசியாவில் டீசலில்தான் பாமாயில் கலக்கிறார்கள்; பெட்ரோலில் எத்தனால் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை.

இனி நோய் அறிதல். முதலில் தொட வேண்டியது கார்புரேட்டரை அல்ல, மின்சாரத்தை. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் கருகியிருக்கலாம், கண்டென்சர் செத்திருக்கலாம், பிளக் வயரில் ஒழுக்கு இருக்கலாம். மிஸ்ஸிங் அடிக்கும் இன்ஜினில் பாதிக்கு மேல் குற்றம் அங்கேதான் என்பது பழைய போமென்கள் எல்லாருக்கும் தெரியும். பாயிண்ட் இடைவெளியை 0.38 மி.மீ.க்கு வைத்து, டைமிங்கைச் சரிபார்த்து, வால்வு இடைவெளியும் பார்த்த பிறகே கார்புரேட்டர் பக்கம் திரும்ப வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், பற்றவைப்பில் உள்ள பழுதைப் பெட்ரோலால் சரிசெய்யப் பார்த்து இரண்டையும் கெடுத்துவிடுவோம்.

மின்சாரம் சுத்தம் என்று தெரிந்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. மை பூசியது போல் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் காற்று அதிகம். நான்கு பிளக்கில் ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள். ஒற்றைக் கார்புரேட்டர் நான்கு சிலிண்டருக்கும் ஒரே கலவையைத்தான் அனுப்புகிறது.

அடுத்து, திருட்டுக் காற்று. கார்புரேட்டர் அளந்து கொடுத்த காற்றுக்கு மேல் வேறு வழியில் நுழையும் காற்று. அது வரும் இடங்கள் இரண்டு: மேனிபோல்ட் கேஸ்கெட், பட்டர்ஃபிளை வால்வைத் தாங்கும் தண்டு. தண்டுதான் கார்புரேட்டரிலேயே அதிகம் அசையும் உறுப்பு. ஆக்சிலேட்டரைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அது தன் துளைக்குள் சுற்றுகிறது. பல பத்தாண்டுகளில் துளை நீள்வட்டமாகிவிடும். இதைப் பிடிக்கத் தீப்பற்றும் ஸ்பிரேயைச் சூடான இன்ஜின் மேல் அடிப்பவர்கள் உண்டு; எனக்கு அதில் பிரியம் இல்லை. ஒரு சின்ன பிரஷ்ஷில் கெட்டியான இன்ஜின் ஆயிலைத் தொட்டு, ஐட்லிங்கில் ஓடும்போதே தண்டின் இரண்டு முனையிலும் தடவுங்கள். எண்ணெய் அந்த இடுக்கை ஒரு கணம் அடைக்கும். அதுவரை தடுமாறிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று ஒரு சீருக்கு வரும். சில நொடியில் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டதும் மறுபடி தடுமாறும். இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. வேக்குவம் கேஜ் இருந்தால் மேனிபோல்டில் மாட்டிப் பார்க்கலாம்: நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும், முள் ஆடாது. முள் தாழ்ந்து அசையாமல் நின்றால் காற்று ஒழுகுகிறது, அல்லது டைமிங் பிந்தியிருக்கிறது.

எஸ்.யூ.வுக்கென்றே ஒரு சோதனை உண்டு. இன்ஜின் சூடாகி ஓடும்போது, காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, மெல்லிய திருப்புளி நுனியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். இன்ஜின் வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாக வேகம் கூடிப் பழையபடி அடங்கினால் சரியாக இருக்கிறது. அதிகமாக இருந்தால் அடியிலுள்ள நட்டை ஒரு பட்டை அளவு மேலே திருப்ப வேண்டும். குறைவாக இருந்தால் கீழே. ஒரு தடவைக்கு ஒரு பட்டைக்கு மேல் போகக்கூடாது. பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு பிஸ்டனை முழுதாகத் தூக்கி விடுங்கள். 'டக்' என்று உலோகத்தில் உலோகம் மோதும் சத்தத்தோடு உட்கார வேண்டும். சத்தம் இல்லாமல் பாதியில் தங்கினால் உள்ளே அழுக்கு, அல்லது ஊசி ஜெட்டின் சுவரில் உரசுகிறது.

பெட்ரோல் வழியும் கார்புரேட்டருக்கு வேறு விசாரணை. மிதவை அறையில் நடப்பது, கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் நடப்பதேதான்: மட்டம் ஏறினால் மிதவை உயர்ந்து வால்வை மூடும். மைனரில் உள்ள மின்சாரப் பெட்ரோல் பம்பு இங்கே நல்ல உளவாளி. சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று அடித்து, அறை நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். இன்ஜின் ஓடாதபோதும் அடித்துக்கொண்டே இருந்தால் ஊசி வால்வு மூடவில்லை, மிதவை ஓட்டையாகியிருக்கலாம், எங்கோ பெட்ரோல் ஒழுகலாம். பழைய பம்பு போய்விட்டது என்று நான்கைந்து பிஎஸ்ஐ அழுத்தம் தரும் புது பம்பை மாட்டிக்கொண்டு, கார்புரேட்டர் வழிகிறது என்று குறை சொல்பவர்களும் உண்டு. இந்த ஊசி வால்வு தாங்குவதற்குச் செய்யப்பட்டது ஒன்றரை பிஎஸ்ஐ சுற்றுவட்டாரம்.

சூட்டின் கதைக்கு ஜொகூர் கடற்பாலத்தைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட அந்த ஒரு கிலோமீட்டர்ச் சொச்சத்தைக் கடக்க வெள்ளிக்கிழமை மாலையில் எவ்வளவு நேரமாகும் என்று ஜொகூர் பாருவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடும் காரில் கார்புரேட்டர் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும்: பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்வதால், முழுதும் ஆவியானால் காற்றின் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் குறையும். ஈரக்காற்றில் இதனால் கார்புரேட்டரின் அடிப்பக்கம் வியர்த்திருப்பதைப் பார்க்கலாம். சிறு விமானங்களில் வெப்பமான நாட்டிலும் கார்புரேட்டருக்குள் பனி கட்டிவிடும் என்பதால், சூடான காற்றை உள்ளே விட விமானிக்குத் தனி லீவரே உண்டு. நெரிசலில் நிற்கும் காரில் கதை தலைகீழ். காற்றோட்டம் இல்லை, கீழே எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் கொதிக்கிறது. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 35 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கும். இன்ஜினை அணைத்த பிறகு சூடு மேலேறி மிதவை அறையில் உள்ள பெட்ரோல் கொதித்து மேனிபோல்டுக்குள் வழிகிறது. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் உள்ளே பெட்ரோல் நிரம்பிக் கிடக்கும். இன்ஜின் சுற்றும், பிடிக்காது. இதற்கு மருந்து கார்புரேட்டரை மாற்றுவது இல்லை. சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் காற்று உள்ளே போய் மிச்சத்தைத் துடைத்துவிடும். கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தாத தடுப்புக் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒரு காலத்தில் கழற்றிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஈரம் மெதுவாகக் கொல்லும். பாதி நிரம்பிய டேங்க்கில் இரவும் பகலும் காற்று சுருங்கி விரிகிறது. இழுத்த ஈரம் நீராகிப் பெட்ரோலுக்கு அடியில் தங்குகிறது. பெட்ரோலைவிட நீர் கனமானது என்பதால் அது போய்ச் சேரும் கடைசி இடம் மிதவை அறையின் அடிப்பகுதி. அலுமினியமும் துத்தநாகக் கலவையும் அங்கே வெள்ளைப் பொடியாக அரிக்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளம் போன்றவற்றில் சிக்கிய கார்களில் இது நாள்கணக்கில் நடக்கும். வெள்ளமே காணாத, திரை போர்த்தி நிறுத்திய காரில் மாதக்கணக்கில் நடக்கும். அதே நேரத்தில் பெட்ரோலும் கெடுகிறது. இலேசான பகுதிகள் பறந்துவிடும். மிச்சம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகி ஜெட்டில் ஒட்டும். ரோன் 97 ஊற்றினால் இது வராது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ரோன் எண் சொல்வது சிலிண்டரில் தட்டல் வராமல் தாங்கும் திறனை. சுத்தத்தையோ ஆயுளையோ அது சொல்வதில்லை. மைனருக்கு ரோன் 95 தாராளம்.

சரி, கழற்றித்தான் ஆகவேண்டும் என்ற நிலை. கழற்றுமுன் ஒவ்வொரு கோணத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.யூ.வின் பிஸ்டனும் அதன் மேல் அறையும் ஜோடியாகச் செய்யப்பட்டவை. இரண்டு கார்புரேட்டர் உள்ள காரில் ஒன்றின் பிஸ்டன் மற்றதன் அறைக்குள் போகக்கூடாது. சுத்தம் செய்ய நம்மூரில் சிலர் காஸ்டிக் சோடாவில் ஊறப் போடுகிறார்கள். இரும்புக்கு அது ஆகும். அலுமினியத்தை அது கரைத்தே விடும், கரையும்போது ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். எலுமிச்சையும் வினிகரும் துத்தநாகத்தை அரிக்கும். நல்ல வழி கார்புரேட்டர் கிளீனரும், அதற்குப் பிறகு வெந்நீரில் அல்ட்ராசோனிக் தொட்டியும். நொடிக்குச் சுமார் 40,000 தடவை அதிரும் நீரில் நுண்குமிழிகள் உண்டாகி உடைகின்றன. அந்த உடைப்புதான் கண்ணுக்குத் தெரியாத துளைக்குள்ளும் போய்ப் பிசினைப் பெயர்க்கிறது. பெர்த்தா பென்ஸின் ஊசிக்கு இங்கே வேலை இல்லை: பித்தளை மென்மையான உலோகம், இரும்புக் கம்பி பட்டால் கீறும், கீறல் விழுந்த ஜெட் அதன் பிறகு பொய்க் கணக்குதான் சொல்லும். காற்றழுத்தம் போதும்; மிஞ்சிப் போனால் நைலான் இழை.

பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. சத்தம் கேட்காவிட்டாலும் விடாதீர்கள். கொதித்து இறக்கிய நீரில் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே உள்ள காற்று விரிந்து, ஊசிமுனை ஓட்டை வழியே கோத்த மணிபோலக் குமிழிகள் வரும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, உள்ளிருக்கும் பெட்ரோல் முழுதும் ஆவியாகும்வரை காத்திருந்து, எடை பார்த்து உறுதிசெய்த பிறகே ஈயம் பற்ற வைக்க வேண்டும். அவசரப்பட்டால் கையிலேயே வெடிக்கும். ஈயமும் ஒரு பொட்டுதான். மிதவை கனத்தால் பெட்ரோல் மட்டம் உயரும், மறுபடி கரும்புகை.

பழைய வகை எஸ்.யூ.வில் ஜெட்டைச் சுற்றி இருப்பது தக்கை வளையம். கார் நின்றால் தக்கை காய்ந்து சுருங்கும். முதல் நாள் ஸ்டார்ட் செய்தவுடன் அடியில் பெட்ரோல் சொட்டும். ரப்பர் போட்டிருக்கக் கூடாதா என்று தோன்றும். நம் பாட்டன்மார் ஜொகூர்த் தோட்டங்களில் சீவி எடுத்த இயற்கை ரப்பர் இந்தக் காரின் டயருக்குப் போனது. கார்புரேட்டருக்கு மட்டும் அது ஆகாது. ரப்பரும் பெட்ரோலும் வேதியியலில் ஒரே குலம், இரண்டுமே ஹைட்ரோகார்பன். பெட்ரோலை ரப்பர் உறிஞ்சிக் குடித்து, ஊதிப் பெருத்து, பஞ்சாகிவிடும். பிறகு வந்த செயற்கை நைட்ரைல் ரப்பரில் நைட்ரஜன் சேர்ந்த கூட்டுகள் குறுக்கே நின்று பெட்ரோலை விலக்குகின்றன. எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றும் நாட்டில் அதுவும் போதாமல் வைட்டான் தேவைப்படும். எஸ்.யூ. பெயரில் இன்றும் உதிரிப் பாகம் செய்வது இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம். கேஸ்கெட், ஜெட், ஊசி, வால்வு எல்லாம் புதிதாகவே கிடைக்கும்.

தேய்ந்த தண்டுதான் மறுசீரமைப்பின் உண்மையான வேலை. புதுத் தண்டு மட்டும் போட்டால் பாதி வேலை. துளை நீள்வட்டமாகவே இருக்கும். துளையை ரீமர் போட்டு நேராக்கி, பித்தளை புஷ் இறக்கி, அதற்குள் புதுத் தண்டை ஓட்ட வேண்டும். இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் பட்டர்ஃபிளை இறுகும். இதைக் கடைசல் பட்டறையில், அளவு தெரிந்தவரிடம் கொடுங்கள். கிட் வாங்கி கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு 'ஓவர்ஹால் பண்ணியாச்சு' என்பது எனக்கு ஓவர்ஹால் இல்லை.

மாட்டும்போது ஜெட்டை ஊசிக்கு நடுவில் நிறுத்துவது பொறுமையான வேலை: ஜெட்டை மேலே ஏற்றி, இறுக்கும் நட்டைத் தளர்த்தி, பிஸ்டனை விழவிட்டு, 'டக்' வரும் இடத்தில் இறுக்க வேண்டும்; இறுக்கியபின் மறுபடி சோதிக்க வேண்டும். பிஸ்டனுக்கும் மேல் அறைக்கும் உள்ள பொருத்தத்தை இப்படி அளக்கலாம்: பிஸ்டனில் உள்ள காற்றுத் துளைகளை அடைத்து, அறைக்குள் முழுதாகத் தள்ளி, மொத்தத்தையும் தலைகீழாக்கி, பிஸ்டனை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அறை தன் எடையால் மெல்ல இறங்கும். மைனரின் ஒன்றேகால் அங்குலக் கார்புரேட்டரில் 3 முதல் 5 வினாடி ஆகவேண்டும். பொத்தென்று விழுந்தால் தேய்மானம், இழுத்துக்கொண்டிருந்தால் அழுக்கு. கடைசியில் பிஸ்டனின் நடுத்தண்டில் 20 தர எண்ணெய் ஊற்ற மறக்காதீர்கள். பிஸ்டன் திடுக்கென்று எழும்பாமல் பிடிப்பது அந்த எண்ணெய்தான். அது இல்லாத கார் மிதித்தவுடன் ஒரு கணம் தயங்கித் தயங்கிப் போகும்.

சாகா, 120ஒய், 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில், இவற்றின் கார்புரேட்டர்கள் வேறு ஜாதி. கழுத்து மாறாது, அதனால் ஐட்லிங்குக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட், சட்டென்று மிதிக்கும்போது பீச்சியடிக்க ஒரு சின்ன பம்பு என்று தனித்தனி வழிகள். துளைகள் நுண்ணியவை, நின்ற காரில் முதலில் அடைபடுவது ஐட்லிங் ஜெட்தான். ஓடும்போது நன்றாக ஓடி, சிக்னலில் அணையும் சாகாவுக்கு அதுவே முதல் சந்தேகம். இரண்டாவது சந்தேகம், 1980களின் ஜப்பானிய வகைக் கார்புரேட்டர்கள் பலவற்றில் உள்ள ஐட்லிங் சோலினாய்டு. சாவியைத் திருப்பும்போது 'க்ளிக்' கேட்கவில்லை என்றால் ஐட்லிங் பெட்ரோல் வழியே திறக்கவில்லை என்று பொருள். கழன்ற ஒற்றை வயருக்காக முழுக் கார்புரேட்டரும் குப்பைக்குப் போன கதைகள் ஜொகூரில் ஏராளம்.

கார்புரேட்டர் மறைந்தது அது மோசமான கருவி என்பதால் அல்ல. புகையைச் சுத்தம் செய்யும் மும்முனை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு 14.7 என்ற கணக்கு ஒரு சதவீதம்கூடப் பிசகக்கூடாது. அந்த அளவு நுணுக்கத்தைப் புகையில் உள்ள ஆக்சிஜனை அளந்து சொல்லும் சென்சாரால்தான் கொடுக்க முடியும். வால்வோ 1976இல் அதைக் காரில் கொண்டுவந்தது. பழைய கார்க்காரர்களும் இன்று அதே சென்சாரை எக்ஸாஸ்ட்டில் தற்காலிகமாக மாட்டி எஸ்.யூ.வைச் சரிபார்க்கிறார்கள், நல்ல பழக்கம்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நகல் கார்புரேட்டர்களைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், வேண்டாம் என்பேன். பல பத்தாண்டு ஓடிய அசல் உடம்பில் தண்டையும் ஜெட்டையும் புதிதாக்கினால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். அளவு தெரியாத ஜெட்டோடு வரும் நகலை டியூன் செய்யவே முடியாமல் போகலாம். ஆகவே பட்டறையில் கார்புரேட்டரை மாற்றியே தீரவேண்டும் என்று சொல்லி நீங்களும் சம்மதித்துவிட்டால், ஒன்று மட்டும் செய்யுங்கள்: கழற்றிய பழையதைக் கையோடு கேட்டு வாங்கி, பெட்ரோலை வடித்து, உலரவைத்து வீட்டில் வையுங்கள். நீங்களே கழற்றிப் பார்ப்பதானால், வேலை செய்யும்போது பக்கத்தில் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.